ஒரு கடைவாய்ப் பல் போன இடத்தில் பிரிட்ஜா, இம்ப்ளான்டா, கழற்றி மாட்டும் பல்லா?

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தாகிவிட்டது, அந்த இடத்தில் இந்த மூன்றில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். அதே இடத்துப் பல்லை இழந்து, வெளியில் தெரியாத பல்தானே என்று இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்ட பிறகு முடிவெடுத்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

விலையைக் கேட்பதற்கு முன்னால் அந்த இடைவெளியின் இரு பக்கத்துப் பற்களும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். பிரிட்ஜ் என்பது அந்த இரண்டு பற்களையும் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கி, ஒன்றோடொன்று இணைந்த மூன்று கேப்புகளை அவற்றின்மேல் சிமென்ட் வைத்து ஒட்டுவது; நடுவில் இருப்பதுதான் போன பல்லுக்குப் பதில். ராவிய எனாமல் மறுபடி வளராது. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்யப்பட்டோ பெரிதாக அடைக்கப்பட்டோ இருந்து, எப்படியும் கேப் போட்டாக வேண்டும் என்றால், பிரிட்ஜ் நல்ல தேர்வு. சில வாரங்களில் வேலை முடிந்துவிடும்.

என் பக்கத்துப் பற்கள் இரண்டிலும் ஒரு சொத்தைகூட இல்லை. முதலில் பார்த்த இடத்தில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பிரிட்ஜுக்கு அளவெடுக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, பின்பல் இடைவெளியை நோக்கிச் சாயத் தொடங்கியிருப்பதையும், கடிக்க எதிர்ப்பல் இல்லாததால் மேல்பல் கீழே இறங்கியிருப்பதையும் காட்டினார். "ஒரு பல்லுக்காக நல்ல பல் இரண்டை ராவ எனக்கு மனசு வரலை சார்" என்றார். பிரிட்ஜைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவாகும் என்று தெரிந்தும் நான் இம்ப்ளான்டுக்குச் சம்மதித்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

இம்ப்ளான்ட் என்பது தாடையெலும்பில் பொருத்தப்படும் டைட்டானியம் திருகு; அதன்மேல்தான் செயற்கைப் பல்லை வைப்பார்கள். டைட்டானியத்தை எலும்பு தானாகவே இறுகப் பற்றிக்கொள்கிறது என்பதை ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1950களில் முயல்களின் எலும்பை ஆராய்ந்தபோது கவனித்தார். 1965இல் முதல்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். எலும்பு அப்படிப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் பிடிக்கும். எனக்குச் சர்க்கரை இருப்பதால் காத்திருப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது: கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 8.4 என்று வந்ததைப் பார்த்து, அதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். எலும்பின் அகலமும், உள்ளே ஓடும் நரம்புக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதும் தெரிய முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். திருகு வைத்த அன்று பட்ட வலி, பல்லைப் பிடுங்கிய அன்று பட்டதில் பாதிகூட இல்லை. இரண்டு ஆண்டு அலட்சியத்துக்கு அபராதமாக, இறங்கியிருந்த மேல்பல்லை மட்டும் கொஞ்சம் ராவ வேண்டியிருந்தது.

நீங்கள் புகைபிடிப்பவர் என்றாலோ, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றாலோ அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கழற்றி மாட்டும் பல்லை என் அம்மா பல ஆண்டுகள் பயன்படுத்தினார். இரவில் ஓர் எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் அது கிடக்கும். செலவு குறைவு, பற்களை ராவுவதும் இல்லை, பல பற்கள் போனவர்களுக்குப் பொருத்தமானது. ஆனால் ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கான சின்னத் துண்டு சாப்பிடும்போது நழுவித் தொண்டைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு என்பதால் எனக்கு அது ஒருபோதும் பிடிக்கவில்லை.

இம்ப்ளான்ட் சொத்தையாகாது, ஆனால் சுற்றியுள்ள ஈறு அழற்சி கண்டு எலும்பு கரைந்தால் திருகே ஆடிப்போகும். பிரிட்ஜின் அடியிலும் சோற்றுப் பருக்கை தங்கும். நான்கு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில்தான் முறுக்கு கடிக்கிறேன்; இரவு எவ்வளவு நேரமானாலும் பல்லிடுக்கில் நுழையும் குட்டிப் பிரஷ்ஷைக் கையில் எடுக்காமல் படுப்பதில்லை.