வீட்டுக்குப் பதிலாக நோட்டு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: டெக்ஸாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் பத்து ஆண்டுகளாக மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க எண்ணியிருந்தேன். ஆனால், நள்ளிரவில் குழாய் அடைத்துக்கொண்டது என்று குடியிருப்பவர் அழைத்தால் ஓடுவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. வீட்டை வாங்காமல், வீட்டின் மேல் உள்ள கடன் நோட்டை வாங்கினால் மாதத் தவணை தானாக வரும் என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். கையில் 75,000 டாலர் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நம் ஊரில் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த பெரியவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து, மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி, தேவைப்பட்டால் இன்னொருவர் பெயருக்கு மாற்றி எழுதித் தரும் மேடோவர் என்று அந்தத் தாளுக்கு ஒரு தனி வாழ்க்கை உண்டு. அமெரிக்க ரியல் எஸ்டேட் நோட்டும் அடிப்படையில் அதுவே; ஆனால், வீட்டை ஈடாகக் காட்டும் இன்னொரு பத்திரமும் அதோடு சேர்ந்தே வருகிறது. டெக்ஸாஸில் அந்தப் பத்திரத்துக்கு ‘டீட் ஆஃப் டிரஸ்ட்’ என்று பெயர்; நியூ ஜெர்சி, நியூயார்க், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் ‘மார்ட்கேஜ்’. வங்கிக் கடன் கிடைக்காதவருக்கு வீட்டை விற்றவரே தவணையில் பணம் பெற ஒப்புக்கொண்டு நோட்டு எழுதி வாங்கியிருப்பார். சில ஆண்டுகள் கழித்து மொத்தப் பணம் தேவைப்படும்போது அதைப் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்பார். நீங்கள் வாங்கப்போவது பெரும்பாலும் அத்தகைய நோட்டாகத்தான் இருக்கும்.

கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 80,000 டாலர் கடன், 7 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 620 டாலர். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியபின் பாக்கி ஏறத்தாழ 69,000 டாலர் இருக்கும். மீதமுள்ள 180 தவணைகளில் உங்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வருவாய் வேண்டுமானால், அந்த நோட்டுக்கு நீங்கள் தரக்கூடிய விலை ஏறத்தாழ 57,700 டாலர். 12 சதவீதம் வேண்டுமானால் 51,700. கடனாளி கட்டும் வட்டி மாறுவதில்லை. நீங்கள் தரும் விலைதான் உங்கள் வருவாயைத் தீர்மானிக்கிறது. முழு நோட்டையும் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அடுத்த 60 தவணைகளை மட்டும், அதே 10 சதவீதக் கணக்கில் ஏறத்தாழ 29,200 டாலருக்கு வாங்கிக்கொண்டு, அதன்பின் நோட்டை விற்றவரிடமே திருப்பிவிடும் ‘பார்ஷியல்’ என்ற முறையும் புழக்கத்தில் உள்ளது. முதல்முறை இறங்குபவருக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன்.

இந்தக் கணக்கைக் கால்குலேட்டரே போட்டுவிடும். காகிதங்களைத்தான் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் முதலில் வாங்கிய நோட்டில் தரகர் அனுப்பிய கோப்பு மிக அழகாக இருந்தது. தவணை வரலாறு, வீட்டின் படங்கள், மதிப்பீடு எல்லாம் இருந்தன. மூல நோட்டு மட்டும் இல்லை. இரண்டு கை மாறியதில் எங்கோ தொலைந்துபோன அதற்குப் பதிலாக உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைத் தயாரித்து வாங்குவதற்குள் ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. வழக்கறிஞர் கட்டணம் என் முதல் ஆண்டு வருவாயில் பாதியைத் தின்றது. ஆகவே மையால் கையெழுத்திட்ட மூல நோட்டு, அது கைமாறிய ஒவ்வொரு முறையும் எழுதப்பட்ட மேடோவர் குறிப்பு (தனித் தாளில் எழுதி இணைத்திருந்தால் அதை ‘அலாஞ்ச்’ என்பார்கள்), கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தில் பதிவான ‘அசைன்மென்ட்’ எனப்படும் ஈட்டுரிமை மாற்றப் பத்திரம் ஆகிய மூன்றும் ஒரு கண்ணியும் விடுபடாமல் சங்கிலியாக வருகின்றனவா என்று பார்த்தபின்பே பணத்தை அனுப்புங்கள்.

அடுத்து, நம் ஊர் வில்லங்கச் சான்றுக்கு ஒப்பான உரிமைத் தேடல் அறிக்கையைப் பெறுங்கள். உங்கள் ஈடு முதல் உரிமையில் இருக்கிறதா, அதற்கு முன் வேறு கடன் இருக்கிறதா என்பது அதில் தெரியும். முதல் உரிமையில் இருந்தாலும் உங்களை முந்தி நிற்கும் ஒருவர் உண்டு. அவர் சொத்துவரி அலுவலர். சொத்துவரி அதிகமான டெக்ஸாஸில், கடனாளி உங்களுக்குத் தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வரியைக் கட்டாமல் விட்டால், வரிக்காக வீடு ஏலம் போய் உங்கள் ஈடு அழிந்துவிடலாம். வரிக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து மாதந்தோறும் பணம் பெற்றுக் கட்டிவிடும் ‘சர்வீசர்’ நிறுவனத்தை அமர்த்துவது இதற்காகவே. கடனாளியிடம் நேரில் பணம் வசூலிக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள்.

நோட்டு எழுதப்பட்ட விதமும் முக்கியம். 2010ஆம் ஆண்டின் டாட்–ஃப்ராங்க் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், தானே குடியிருக்க வீடு வாங்குபவருக்குக் கடன் கொடுப்பவர், அவரால் அதைத் திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்த்தாக வேண்டும் என்கின்றன. எப்போதாவது ஒரு வீட்டைத் தவணையில் விற்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆண்டுக்குப் பத்து வீடுகளை இப்படி விற்றவர், உரிமம் பெற்ற கடன் அலுவலர் யாரும் இல்லாமல் எழுதிய நோட்டின் குறை, நோட்டோடு சேர்ந்து உங்கள் கைக்கும் வரும். நாளை நீங்கள் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும்போது கடனாளியின் வழக்கறிஞர் முதலில் எடுப்பது அந்தக் குறையைத்தான்.

தவணை நின்றுபோனால் என்ன ஆகும் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. டெக்ஸாஸில் நீதிமன்ற வழக்கு இல்லாமலேயே, குடியிருக்கும் வீடானால் பாக்கியைத் தீர்க்க 20 நாள் அவகாசமும் பின்னர் 21 நாள் ஏல அறிவிப்பும் தந்து, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம் விடலாம். நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் நீதிமன்றம் வழியாகவே போக வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் நீளலாம். ஒரே தொகையுள்ள இரண்டு நோட்டுகளில் டெக்ஸாஸ் நோட்டுக்கு நான் கூடுதல் விலை தருவேன்.

தவணை நின்றுபோன நோட்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். அது முதலீடு அல்ல, முழுநேரத் தொழில்; வேலைக்குப் போய்க்கொண்டே செய்யக்கூடியதன்று. உங்கள் 75,000 டாலரில் குறைந்தது 15,000 டாலரைத் தொடாமல் வைத்திருங்கள். வரிப் பாக்கியைக் கட்டி ஈட்டைக் காப்பாற்றவோ வழக்கறிஞருக்குக் கொடுக்கவோ தேவைப்படும்.

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறோம். வாங்க வருபவர் சொந்தத் தொழில் செய்பவர். வரிக் கணக்கில் வருமானம் குறைவாகக் காட்டுவதால் வங்கி கடன் தர மறுக்கிறது. 30 சதவீதம் முன்பணம் தந்து, மீதியை எங்களிடமே தவணையாகக் கட்டுகிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம். ஆனால், ஒரு கேள்விக்கு முதலில் விடை வேண்டும்: உங்கள் வீட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா? இருந்தால், வீடு கைமாறியதும் முழுப் பாக்கியையும் கேட்கும் உரிமை பெரும்பாலும் அந்தக் கடன் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் அந்த உரிமையை உறுதி செய்கிறது. வாங்குபவர் தரும் முன்பணத்தில் அந்தக் கடனை அடைத்துவிட முடியுமானால் மேலே பேசுங்கள்.

தனிநபர் 12 மாதங்களில் ஒரே ஒரு வீட்டைத் தவணையில் விற்றால், முதல் பதிலில் சொன்ன டாட்–ஃப்ராங்க் விதிகளிலிருந்து விலக்குப் பெறலாம். அதற்கு, வட்டி மாறாததாகவோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் மாறாததாகவோ இருக்க வேண்டும். தவணை கட்டக் கட்ட அசல் கூடிக்கொண்டே போகும் ஏற்பாடு கூடாது. உறவுக்காரர் என்றோ நம் ஊர்க்காரர் என்றோ வட்டியை மிகக் குறைத்து எழுதினால், வருமான வரித் துறை மாதந்தோறும் வெளியிடும் அடிப்படை வட்டி வீதத்தை வைத்து, நீங்கள் பெறாத வட்டிக்கும் சேர்த்து வரி கேட்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது நீங்கள் அந்த வீட்டில் குடியிருந்தால், தம்பதியாக 5,00,000 டாலர் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் லாபம் இருந்தால், 6252 எண் படிவத்தில் தவணை விற்பனையாகக் காட்டி, பணம் வர வர வரி கட்டலாம். வட்டிக்கு எப்போதும் வரி உண்டு. வாங்குபவரின் பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றை உங்கள் வரிக் கணக்கில் தர வேண்டியிருப்பதால் அவற்றை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

உங்கள் மாநிலத்தில் வழக்கு நீளும் என்பதை மனத்தில் வைத்து, அந்த 30 சதவீதத்தைக் குறைக்க ஒப்பாதீர்கள். அவ்வளவு பணத்தைப் போட்டவர் தவணையை எளிதில் விடமாட்டார்; விட்டாலும் உங்கள் அசல் மூழ்காது.

கேள்வி: நோட்டு எழுதாமல், பணம் முழுவதும் கட்டி முடித்தபின் பத்திரம் தருகிறேன் என்ற ஒப்பந்தத்தில் வீடு வாங்கச் சொல்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. ‘காண்ட்ராக்ட் ஃபார் டீட்’ எனப்படும் அதில் கடைசித் தவணை வரை உரிமை விற்பவரிடமே இருக்கும். 1950, 60களில் சிகாகோவில் வங்கிக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு இந்த முறையில்தான் கொள்ளை விலைக்கு வீடுகள் விற்கப்பட்டன. ஒரு தவணை தவறினாலும் கட்டிய பணத்தோடு வீடும் போனது. 1968இல் லான்டேல் பகுதியில் அவர்கள் சங்கமாகத் திரண்டு தவணைகளை நிறுத்தி வைத்துப் போராடினார்கள். டெக்ஸாஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள் இப்போது இவ்வொப்பந்தங்களுக்குக் கடுமையான விதிகளை வைத்துள்ளன. உங்கள் பெயரில் பத்திரத்தை இன்றே பதிவு செய்து, நோட்டும் ஈட்டுப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொள்ளும்படி விற்பவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால், அந்த வீட்டின் மேல் அவருக்கு ஏற்கெனவே கடன் இருக்கிறதா என்று கவுண்டி அலுவலகப் பதிவுகளில் தேடிப் பாருங்கள்.