நாஸ்காரில் ஓட்ட ஒருவருக்கு எப்படி இடம் கிடைக்கிறது?

அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய நாஸ்கார், ஸ்டாக் கார் பந்தயம். பார்க்க ஷோரூம் கார் மாதிரி, உள்ளே முழுக்கப் பந்தய வண்டி. திறமை வேண்டும்தான், ஆனால் பல கார்களில் யார் ஓட்டுவது என்பதைத் தீர்மானிப்பது ஸ்பான்சர் பணம். 2000களின் நடுவில் உச்சத்தில் இருந்த டிவி பார்வையாளர் கூட்டம் அப்புறம் கரைய, விளம்பரப் பணமும் சுருங்கியது. ஏழு முறை சாம்பியனான ஜிம்மி ஜான்சனையே 2018 சீசனோடு அவருடைய ஸ்பான்சரான லோஸ் நிறுவனம் விட்டுப் போனது. மற்றவர்கள் கதி?

டீம் ஓனரின் நிலை புரிய, ஒரு வேன் ஓனரை நினைத்துப் பாருங்கள். பிரமாதமாக ஓட்டுபவர் ஒருவர். சுமாராக ஓட்டினாலும் மாதச் சவாரியைக் கையோடு கொண்டு வருபவர் இன்னொருவர். தவணை கழுத்தை நெரிக்கும்போது சாவி யாருக்குப் போகும்?

அதற்காக, காசு கட்டினால் யாரும் ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்; டேடோனா போன்ற அதிவேகத் தடங்களில் இறங்க நாஸ்காரின் அனுமதி தேவை.