பெடிக்யூர் தொட்டியில் கால் வைக்கும் முன்

கேள்வி: தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மன்னார்குடியில் ஒரு பார்லரில் பேக்கேஜ் பேசியிருக்கிறோம். வேக்சிங், பெடிக்யூர் எல்லாம் அதில் சேர்த்தி. வருகிறவர்கள் எல்லோரும் கால் வைப்பது ஒரே தொட்டியில்தான். கேட்டால், டெட்டால் விட்டுக் கழுவுகிறோம் என்கிறார்கள். டிஸ்போசபிள் கிட் வேண்டுமானால் தனியாக 200 ரூபாய். கொடுப்பது தண்டமா? சர்க்கரை உள்ள அம்மாவும் செய்துகொள்ள ஆசைப்படுகிறார். நடவுக்குப் போனதில் அவருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வேறு இருக்கிறது.

பதில்: தண்டமில்லை, கொடுக்கலாம். ஆனால் கிட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் உறை, புது ஃபைல், நகம் சுத்தம் செய்யும் குச்சி, காகிதச் செருப்பு இருந்தால் சரி. உங்கள் கண்ணெதிரே பிரிக்கவேண்டும். வெறும் ஸ்க்ரப்பும் கிரீம் பாக்கெட்டும் மட்டும்தான் என்றால் 200 ரூபாய் வேண்டாம்.

தொட்டியைத்தான் நன்றாகப் பார்க்கவேண்டும். தண்ணீர் பீய்ச்சும் மோட்டார் தொட்டி பார்க்கப் பகட்டாக இருக்கும். ஆனால் அதன் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்துவிடும். 2000-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒரே கடைக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கொப்புளம் கிளம்பியது இப்படித்தான். மாதக்கணக்கில் ஆறவில்லை. காலில் முடியை மழித்துவிட்டுப் போனவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் அப்போது தெரியவந்தது. மோட்டார் இல்லாத வெறும் பேசின் எவ்வளவோ மேல். சோப்பு போட்டுத் தேய்த்து, கிருமிநாசினியைச் சுமார் பத்து நிமிடம் விட்டுவைத்து, அப்புறம் அலசவேண்டும். வெந்நீரில் நாலு சொட்டு டெட்டால் விடுவதால் தொட்டி சுத்தமாகிவிடாது.

முடி எடுத்த காலுக்கு ஆபத்து அதிகம் என்பதால் பேக்கேஜில் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். பெடிக்யூர் முதலில், வேக்சிங் பிறகு. வேக்சிங் முந்திவிட்டால் ஒரு நாளாவது இடைவெளி விடவேண்டும். மருதாணி எல்லாவற்றுக்கும் கடைசி, இல்லாவிட்டால் தேய்க்கிற தேய்ப்பில் நிறம் போய்விடும்.

நகவெட்டி, பாதம் தேய்க்கும் கல், ரப்பர் செருப்பு மூன்றையும் தங்கை வீட்டிலிருந்தே கொண்டுபோகட்டும். கல்லையும் அட்டை ஃபைலையும் எப்படிக் கழுவினாலும் அடுத்தவருக்குப் பயன்படுத்தும்படி சுத்தமாகாது. கிருமி நீக்க என்று நீல விளக்குப் பெட்டியில் வைத்த கத்தரியையும் நம்பவேண்டாம், வெளிச்சம் படாத இடுக்கில் கிருமி அப்படியே இருக்கும். பித்தவெடிப்பை பிளேடால் சீவ வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குப் பாதம் மரத்திருக்கும், வெந்நீர் சுட்டாலும் தெரியாது, கீறல் பட்டாலும் தெரியாது. சேற்றுப்புண்ணோடு கால் வைத்தால் தொட்டியில் அடுத்து உட்காருபவருக்கும் கெடுதல். முதலில் டாக்டரிடம் காட்டி ஆற்றுங்கள். வயலிலிருந்து வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் பருத்தித் துணியால் ஒற்றிவிடச் சொல்லுங்கள். கல்யாணத்தன்று நகத்தை ஒழுங்காக வெட்டி, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும். எண்ணெய் விரலிடுக்கில் மட்டும் போகக்கூடாது.

பணம் கட்டும்போது ரசீது கேளுங்கள். சேவைக்கு ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். காலில் கொப்புளம், சீழ் ஏதாவது வந்தால் போட்டோ எடுத்து, டாக்டர் சீட்டோடு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். தீரவில்லையென்றால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணமே கிடையாது.