மூன்றாவது வாரத்தில் நிறுத்தலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டு நாய் ஷீட்ஸு இனம். பெண், ஏழு வயது. இரண்டு வருடமாகக் கண்ணில் பீளை தள்ளுகிறது. மஞ்சளும் பச்சையுமாகக் கயிறுபோலத் திரண்டு, காலையில் இமையைத் திறக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கிறது. ஆண்டிபயாடிக் களிம்பு போட்டால் ஒரு வாரம் தெளியும். நிறுத்திய பத்து நாளில் மறுபடி வந்துவிடும். போன மாதம் புதிதாகப் பார்த்த மருத்துவர் கண்ணுக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி அளந்தார். வலது 7, இடது 4 என்றார். உலர்கண் நோய், ஆயுள் முழுக்க மருந்து போட வேண்டும் என்று சொல்லி 0.2 சதவீத சைக்ளோஸ்போரின் களிம்பும் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தும் எழுதித் தந்தார். மூன்று வாரமாகப் போடுகிறோம், பெரிய மாற்றம் இல்லை. இடது கண்ணில் பழுப்பாக ஒரு படலம் ஏறியிருக்கிறது. டியூபைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். இதை நிறுத்திவிட்டுப் பழைய களிம்புக்கே போய்விடலாமா? பார்வை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நிறுத்த வேண்டாம். சைக்ளோஸ்போரின் வேலை செய்கிறதா இல்லையா என்று மூன்றாவது வாரத்தில் சொல்ல முடியாது. பெரும்பாலான நாய்களுக்குக் கண்ணீர் ஊற நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். சிலவற்றுக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

ஏன் இத்தனை நாள்? இந்த நோயில் பெரும்பாலும் நடப்பது, நாயின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதுதான். சைக்ளோஸ்போரின் அந்தத் தாக்குதலை அடக்குகிறது. அதன்பிறகு மிஞ்சியிருக்கும் சுரப்பித் திசு தேறி மறுபடி ஊறத் தொடங்க வேண்டும். அதுவரை கண்ணை ஈரமாக வைத்திருப்பது செயற்கைக் கண்ணீரின் வேலை. இரண்டையும் தந்ததற்குக் காரணம் இதுதான். ஒன்று இன்றைக்கு, மற்றொன்று அடுத்த மாதத்துக்கு.

பழைய களிம்பு ஏன் ஒவ்வொரு முறையும் குணப்படுத்தியதுபோலத் தோன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் வீணாய்ப் போனது அந்தத் தோற்றத்தால்தான். கண்ணீரில் சளி, நீர், கொழுப்பு என்று மூன்று பகுதி உண்டு. நீர் வற்றினால் சளி மட்டும் தங்கித் திரண்டுவிடும். நீங்கள் பார்க்கும் கயிறு போன்ற பீளை அதுதான். கழுவிவிட நீர் இல்லாத கண்ணில் பாக்டீரியாவும் பெருகும், அதனால் மஞ்சளும் பச்சையும். ஆண்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாவைக் குறைக்கிறது. களிம்பின் எண்ணெய்ப் பசையே வறண்ட கருவிழிக்கு ஒரு பூச்சாகி எரிச்சலைத் தணிக்கிறது. ஒரு வாரம் கண் தெளிகிறது. ஆனால் ஊற்று வற்றியது வற்றியதாகவே இருக்கிறது. களிம்பை நிறுத்தியதும் பழைய நிலை திரும்புகிறது. இரு கண்ணிலும் பீளை திரும்பத் திரும்ப வரும் எந்த நாய்க்கும் அந்தக் காகிதப் பட்டைச் சோதனையை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

அந்த எண்களுக்கு அர்த்தம் இது. ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1903-இல் மனிதர்களுக்காக வகுத்த சோதனை இது. பட்டையின் முனையைக் கீழ் இமைக்குள் ஒரு நிமிடம் வைத்து, ஈரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். நாய்க்கு 15-உம் அதற்கு மேலும் இருந்தால் சரி. 10-க்கும் 15-க்கும் இடையில் சந்தேகம், 5-இலிருந்து 10 வரை நடுத்தர வறட்சி, 5-க்குக் கீழே கடுமையான வறட்சி. உங்கள் நாய்க்கு வலது நடுத்தரம், இடது கடுமை. ஆனாலும் 4 என்பது நம்பிக்கை தரும் எண்தான். 2-உம் அதற்கு மேலும் இருக்கும் கண்கள் பெரும்பாலும் மருந்துக்கு இணங்குகின்றன. 0, 1 என்று வற்றியவைதான் கடினம்.

இனி அன்றாட வேலை. மருந்து சரியாக இருந்தும் பலன் தெரியாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

களிம்பைப் பீளையின் மேல் போட்டால் அது கண்ணைத் தொடாது. அதனால் முதலில் துடைக்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். காய்ந்த பீளை இளகிவிடும். ஊறாமல் உரித்தால் முடியோடு தோலும் வரும், அடுத்த முறை அவள் கிட்டவே வரமாட்டாள். இளகியதும் மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே வழியில் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு துணி. பஞ்சு வேண்டாம், இழை பிரிந்து கண்ணில் ஒட்டும். கண்ணுக்குள் தேங்கிய சளியை மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய உப்பு நீரால் அலசிவிடலாம். வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டாம். அளவு சற்று மிஞ்சினாலும் எரியும்.

அலசியபின் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், இமைக்குள் அவ்வளவுதான் இடம். ஐந்து பத்து நிமிடம் கழித்து சைக்ளோஸ்போரின் களிம்பு, அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், கீழ் இமையின் உட்புறத்தில். நீர்த்தது முன்னே, கெட்டியானது பின்னே. இந்த வரிசை மாறினால் களிம்பின் எண்ணெய் மேல் சொட்டு மருந்து வழுக்கிப் போய்விடும். களிம்பு ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் அரை மணி நேரமாவது விட்டுச் சொட்டு விடுங்கள். சைக்ளோஸ்போரின் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடுங்கள், அடுத்த வேளையில் இரட்டிப்பாக்க வேண்டாம். செயற்கைக் கண்ணீர் இப்போதைக்கு ஒரு நாளில் நான்கிலிருந்து ஆறு முறை. இமையில் வழிந்த களிம்பைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் முடி உதிரும். கையையும் கழுவிக்கொள்ளுங்கள்.

போடுவது ஒழுங்காக நடக்கிறதா என்று புட்டியே காட்டிவிடும். ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 20 சொட்டு. 10 மில்லி புட்டியில் 200. இரு கண்ணுக்கும் நான்கு வேளை என்றால் ஒரு நாளைக்கு 8 சொட்டு, 25 நாளில் புட்டி காலி. திறந்து ஒரு மாதமாகியும் பாதி மிச்சம் இருக்கிறது என்றால் வேளைகள் தவறுகின்றன. அந்த மிச்சத்தையும் கொட்டிவிடுங்கள். திறந்த கண் மருந்துக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் ஆயுள் இல்லை.

மனிதர்களுக்கான செயற்கைக் கண்ணீரே நாய்க்கும் போதும். கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் அல்லது ஹயலுரோனேட் உள்ளதாகப் பாருங்கள். ஹயலுரோனேட் கண்ணில் அதிக நேரம் தங்கும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் விடுவதானால் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி இல்லாததாக வாங்குங்கள். வறண்ட கருவிழியை அது மேலும் அரிக்கும். கண் சிவப்பைப் போக்கும் என்று விற்கும் நாபஸோலின், டெட்ராஹைட்ரோஸோலின் சொட்டுகள் வேண்டவே வேண்டாம். அவை ரத்தக் குழாயைச் சுருக்கும், ஈரம் தராது. மனிதர்களுக்கான சைக்ளோஸ்போரின் சொட்டு பெரும்பாலும் 0.05 சதவீதம்தான். உங்கள் களிம்பின் வீரியத்தில் கால் பங்கு, நாய்க்குப் போதாது. இந்த மருந்து உறுப்பு மாற்று சிகிச்சைக்காக வந்தது. 1980களில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரெனே காஸ்வான் என்ற கால்நடைக் கண் மருத்துவர் நாய்களின் உலர்கண்ணுக்கு அது உதவுவதைக் கண்டார். மனிதர்களின் உலர்கண்ணுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002-இல்தான். நாய்க்குப் பலித்ததுதான் பின்னால் மனிதருக்கு வந்தது.

கட்டிலுக்கு அடியில் போவதற்கு வருவோம். அங்கிருந்து இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள். அது அவளுடைய அடைக்கலம். அதையும் பிடுங்கினால் கடிக்கத் தொடங்குவாள். மருந்துக்கென்று வேறோர் இடத்தை, வழுக்காத ஒரு விரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். டியூபை முன்கூட்டியே இரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு, பிறகு கூப்பிடுங்கள். எதிரே நின்று கையை முகத்துக்கு நேரே நீட்டுவதுதான் அவளை மிரட்டுகிறது. அவளை உங்களுக்கு முதுகு காட்டி, உங்கள் முழங்கால்களுக்கு இடையில் உட்கார வையுங்கள். இடது கையால் தாடையைத் தாங்கி மூக்கை மேலே உயர்த்தி, அதே கையின் கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இறக்குங்கள். டியூப் பிடித்த கையின் அடிப்பகுதியை அவள் நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள். தலையை ஆட்டினாலும் கை கூடவே போகும், முனை கண்ணில் குத்தாது. முனை கண்ணையோ இமையையோ தொடக்கூடாது. தொட்டால் பாக்டீரியா டியூபுக்குள் போய்விடும். போட்டவுடன், அடுத்த நொடியே, அவளுக்கு மிகப் பிடித்த தின்பண்டம். அந்தப் பண்டத்தை டியூப் இல்லாத வேறெந்த நேரத்திலும் தராதீர்கள். இது தவிர, ஒரு நாளில் நான்கைந்து முறை டியூபைக் காட்டிப் பண்டம் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள், மருந்து வேண்டாம். டியூப் வந்தால் எப்போதும் தொல்லை என்ற கணக்கு அவளுக்குக் குழம்ப வேண்டும். முதல் சில நாள் சைக்ளோஸ்போரின் கொஞ்சம் எரியும், அது தணிந்துவிடும். நாளாக ஆக எரிச்சலும் சிவப்பும் கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஷீட்ஸு என்பதால் இன்னும் இரண்டு விஷயம். கண்ணோர முடி கருவிழியில் உரசிக்கொண்டிருந்தால் எந்த மருந்தும் தோற்கும். முனை மழுங்கிய கத்தரியால், இன்னொருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, கட்டையாக வெட்டிவிடுங்கள். அவள் அயர்ந்து தூங்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். முகம் தட்டையான இனங்களில் பல, இமை முழுக்க மூடாமல்தான் தூங்கும். நடுவில் ஒரு கீற்றாகக் கண் தெரிந்தால், படுக்கும் முன் போடும்படி கெட்டியான ஜெல் ஒன்றை மருத்துவரிடம் கேளுங்கள். மின்விசிறி, ஏசி இவற்றின் காற்று நேராக முகத்தில் படும் இடத்திலிருந்து படுக்கையை நகர்த்துங்கள்.

பழுப்புப் படலம் நிறமிதான். நீண்ட நாள் உரசலுக்கும் வறட்சிக்கும் கருவிழி தரும் பதில் அது. பார்வையை அது திரைபோல மறைக்கிறது, பின்னாலிருக்கும் விழித்திரையை அது கெடுப்பதில்லை. ஈரம் திரும்பினால் பரவுவது நிற்கும், சைக்ளோஸ்போரினால் கொஞ்சம் மங்கவும் கூடும், முழுக்க மறைவது அரிது. வாரம் ஒரு முறை, ஒரே ஜன்னலோரம், ஒரே நேரத்தில் இரு கண்ணையும் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மெல்ல நடக்கும் மாற்றம் பிடிபடாது.

நான் உண்மையில் அஞ்சுவது படலத்துக்கு அல்ல, புண்ணுக்கு. வறண்ட கருவிழி எளிதில் கீறும், கீறல் ஆழமாகி ஓட்டை விழலாம். திடீரென்று ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்வது, கெட்டிப் பீளை வந்த கண்ணிலிருந்து தண்ணீராக வழிவது, நீலமாகவோ வெள்ளையாகவோ ஒரு புள்ளி, குழி, கூழ்போலக் குழைந்த இடம், ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாளை காலை என்று தள்ளாதீர்கள். இந்த இனத்துக்குக் கருவிழியில் உணர்ச்சி குறைவு, ஆழமான புண்ணோடும் சாதாரணமாக நடமாடும். கழுத்தில் கூம்பு மாட்டிக் கூட்டிப் போங்கள், காலால் தேய்த்தால் நிமிடத்தில் நிலைமை மாறிவிடும். பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தால்தான் புண் இருக்கிறதா என்று தெரியும்.

அதனால்தான் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய டியூப்களை இன்றே எடுத்துப் படியுங்கள் என்கிறேன். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், ஹைட்ரோகார்டிசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. புண்ணுள்ள கண்ணில் அது ஆறுவதைத் தடுத்துக் கருவிழி கரைவதை வேகப்படுத்தும். மருத்துவர் சாயம் விட்டுப் பார்க்காமல் அதை ஒரு முறைகூடப் போடக்கூடாது.

அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில. எப்போதாவது சல்ஃபா வகை ஆண்டிபயாடிக் கொடுத்தீர்களா? சில நாய்களுக்கு அதுவே சுரப்பியை வற்ற வைக்கும். சின்ன வயதில் கண்ணோரம் செர்ரிப்பழம்போலப் பிதுங்கிய சதையை வெட்டி எடுத்தார்களா? அது நாய்க்கு மூக்கோரம் உள்ளே இருக்கும் மூன்றாம் இமையின் கண்ணீர்ச் சுரப்பி, கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அதிலிருந்துதான் வருகிறது. இடது மூக்குத் துவாரம் மட்டும் காய்ந்து வெடித்திருக்கிறதா? அப்படியானால் கோளாறு நரம்பில் இருக்கலாம், அதற்குப் பிலோகார்பின் என்ற வேறு மருந்து.

சோதனைக்கு ஆறாவது வார முடிவில் நேரம் வாங்குங்கள். அன்று காலையும் சைக்ளோஸ்போரின் வழக்கம்போலப் போட வேண்டும், மருந்தோடு இருக்கும்போது என்ன ஊறுகிறது என்பதைத்தான் அளக்கிறார்கள். செயற்கைக் கண்ணீரை மட்டும் சில மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பட்டை அதையும் சேர்த்துக் காட்டும். 4 என்பது 8 ஆகியிருந்தாலே மருந்து பிடித்துவிட்டது என்று பொருள். மூன்று மாதமாகியும் ஏறவில்லை என்றால் 1 அல்லது 2 சதவீத சைக்ளோஸ்போரின், அதுவும் இல்லையென்றால் 0.03 சதவீத டாக்ரோலிமஸ் என்ற வேறு மருந்து இருக்கிறது. எல்லாம் தோற்றால் உமிழ்நீர்க் குழாயைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை உண்டு. உமிழ்நீரின் தாதுக்கள் கருவிழியில் படியும் என்பதால் அதைக் கடைசியில்தான் யோசிப்பார்கள். எண் 15-ஐத் தாண்டினாலும் களிம்பை விடாதீர்கள். விட்ட சில நாளிலேயே கண்ணீர் இறங்கத் தொடங்கிவிடும். அப்போது குறைக்கக்கூடியது செயற்கைக் கண்ணீரை மட்டும்தான்.

அன்புடன்.