ஒன்பது வழக்கு உள்ளவருக்கு ஓட்டுப் போடலாமா?

கேள்வி: எங்கள் சட்டமன்றத் தொகுதியில், பெரிய கூட்டணிகள் எதிலும் சேராத ஒரு சின்னக் கட்சி வேட்பாளர் நிற்கிறார். 'எளிமையான மனிதர்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது, 'ஒன்பது வழக்குக்காரர்' என்று இன்னொன்று வருகிறது. அவர் உண்மையில் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெரிய கட்சிக்காரர் என்றால் டீக்கடையிலேயே பாதி வரலாறு கிடைத்துவிடும். உங்கள் ஆளுக்கு, வேட்புமனுவோடு அவர் தரும் படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம்தான் கைகொடுக்கும். 2002-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் பலன் இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். கடைசியில் ஒரு சுருக்கம் இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், சரக்கு முன்பக்கங்களில்தான் இருக்கிறது.

முதலில் வழக்குகள். எண்ணிக்கையை விடுங்கள், பிரிவைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்றால் சட்டவிரோதமாகக் கூடியது, உத்தரவை மீறியது, வழிமறித்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் இவையே 189(2), 223, 126(2). குடிதண்ணீர் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தால்கூட இவைதான் பாயும். ஒன்பதும் இந்த ரகம் என்றால், போராட்டத்துக்குப் போகிற ஆள், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு 420 (இப்போது 318(4)) இருந்தாலும் நான் அங்கே நின்றுவிடுவேன். யாரை ஏமாற்றியதாகப் புகார், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம் எல்லாம் பத்திரத்திலேயே இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். நிலுவையில் இருப்பது குற்றச்சாட்டுதான், தண்டனை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் சொத்து. நிலத்தின் சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு, பரம்பரைச் சொத்தா என்பது வரை எழுதியாக வேண்டும். சர்வே எண் கிடைத்தால் பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பார்த்துவிடலாம். கூடவே ஐந்து வருட வருமான வரிக் கணக்கையும் வைத்துப் பாருங்கள். முன்பு எப்போதாவது தேர்தலில் நின்றவர் என்றால் அந்தப் பழைய பிரமாணப் பத்திரத்தையும் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுபோல வேறெதுவும் உதவாது. தேர்தல் நடத்தும் அதிகாரி கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பாரே தவிர, எழுதியது நிஜமா என்று தோண்ட மாட்டார். பொய் என்று நிரூபணமானால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் அதற்கு யாராவது புகார் கொடுத்து வழக்கை நடத்த வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். தேர்தல் நடத்தும் அதிகாரியின் அலுவலகத்தில் ஒட்டப்படும் அறிவிப்பில் அவர்களைப் பற்றிய விவரமும் இருக்கும். போய்ப் பாருங்கள். உங்கள் தெருக்காரர் ஒருவர் அதில் இருந்தால், மற்றதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.