இரண்டு மாட்டுக்கும் இருநூறு மாட்டுக்கும் ஒரே சட்டமா?

கால்நடை மருத்துவரின் கேள்வி-பதில்

வீட்டில் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பக்கத்தில் பெரிய முட்டைக்கோழிப் பண்ணை. அங்கே பறவைக் காய்ச்சல் வந்தால் என் கோழிகளையும் அழிப்பார்களாமே, இது நியாயமா டாக்டர்? (வாசகி, ராசிபுரம்)

அழிப்பார்கள் அம்மா. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து எல்லாம் கணக்கில் வரும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. புறக்கடைக் கோழி கொக்கும் காக்கையும் இறங்குகிற குட்டையில்தான் தண்ணீர் குடிக்கிறது. அதை விட்டுவைத்தால் பண்ணையைக் கழுவியும் பயனில்லை. இந்த விதியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் ஆதங்கம் இழப்பீட்டில்தான். உயிரோடு பிடித்து அழித்த கோழிக்குத்தான் பணம். நோயில் தானாகச் செத்ததற்குக் கிடையாது. பெரிய பண்ணைக்குச் சொந்த மருத்துவர் இருக்கிறார். காலையில் சாவு கூடினால் அன்றைக்கே மாதிரி எடுக்க ஏற்பாடு செய்துவிடுவார். உங்களிடம் பன்னிரண்டு செத்த பிறகு ஆள் வந்தால் மிச்சம் மூன்றுக்குத்தான் கணக்கு. விதி ஒன்றுதான், அடி உங்களுக்குத்தான் பலமாக விழுகிறது. கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, ஒரே நாளில் இரண்டு மூன்று விழுந்தால் அறுக்காதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். உறுதி செய்வது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம் என்பதால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

மாட்டின் காதில் குத்தும் அடையாளத் தோடு, ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் எங்களுக்கு மட்டும்தானா? பெரிய பண்ணைக்கு இல்லையா? (மேச்சேரி)

எல்லா மாட்டுக்கும் உண்டு. 12 இலக்க எண், கட்டணம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரித் தடுப்பூசியும் அந்த எண்ணில்தான் பதிவாகிறது. ஆனால் பண்ணையில் மாட்டை அடக்க மரச்சட்டமும் ஆளும் இருக்கும். வீட்டில் ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் தலையைச் சாய்க்க, அன்றைய கூலி போய்விடும். காலைக் கறவை முடிந்த கையோடு ஊருக்குள்ளேயே முகாம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

சீமைக்கருவேல முள்ளில் சிக்கித் தோடு அறுந்துபோன ஒரு பசு, அடுத்த மாதமே செத்தது. தோடு இல்லை என்று காப்பீட்டுப் பணத்தை மறுத்துவிட்டார்கள். மாட்டுக்காரம்மா அதன் கிழிந்த காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தோடு விழுந்தால் உடனே மறுதோடு போட்டுப் பதிவை மாற்றிவிடுங்கள்.

சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டுமா?

கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து பால் முழுவதையும் அங்கேயே ஊற்றினால் வேண்டாம். வீடுகளுக்கும் விற்றால் வேண்டும்.

ஒரே ஒரு மாட்டைச் சந்தைக்கு ஏற்றவும் சான்றிதழ் கேட்கிறார்களே?

கேட்பார்கள். விலங்குகளை வண்டியில் ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதியில் ஒரு மாடு, ஆறு மாடு என்ற பேதமில்லை. ஏற்றும் மாட்டுக்குத் தொற்றுநோய் இல்லை, பயணம் தாங்கும் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். சாதாரண லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றவும் கூடாது. வியாபாரிக்கு இது வழக்கமான வேலை. உங்களுக்கோ வருஷத்தில் ஒரு நாள், அதுவும் மருந்தகம் திறக்கும் முன்பே சந்தை கூடிவிடும். சான்றிதழைக் கைவிடச் சொல்ல மாட்டேன், பெரியம்மை (தோல் கழலை நோய்) கண்ட மாடு ஒன்று சந்தைக்குள் வந்தால் போதும், நோய் பல ஊருக்குப் போய்விடும். சந்தை நாளில் விடியற்காலையிலேயே வாசலில் ஒரு மருத்துவர் உட்கார வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதுவரை முந்தின நாளே மாட்டைக் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.