ஆகாயத்தாமரையை அள்ளினோம், மூன்றே மாதத்தில் ஏரி பச்சையாகிவிட்டது

சாக்கடைக் கால்வாய் கலக்கிற ஏரியில் ஆகாயத்தாமரையை அள்ளியது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். அள்ளியது தப்பில்லை. செடிதான் போயிற்று, அது தின்றுகொண்டிருந்த சத்து தண்ணீரிலேயே இருக்கிறது. முன்பு இலைப்போர்வை வெயிலை மறைத்தது. இப்போது வெயில் நேராக உள்ளே இறங்க, பாசி பிடித்துக்கொண்டது.

சத்து பெரும்பாலும் நீங்கள் சொன்ன அந்தச் சாக்கடைக் கால்வாயிலிருந்துதான். கழிவுநீரில் பாஸ்பரஸ் என்கிற சத்து நிறைய. அப்புறம், அள்ளிய செடியைக் கரையிலேயே குவித்திருந்தால், அது அழுகி மழையோடு ஏரிக்கே திரும்பியிருக்கும். பல ஊர்களில் நடக்கிற கூத்து இது.

ஒரு சோதனை: கையுறை போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்து மூடி, ஓர் இரவு ஆட்டாமல் வையுங்கள். பச்சை மேலே வந்து மிதந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகப்படலாம். அடியில் படிந்தால் அநேகமாக வேறு பாசி.

நீலப்பச்சைப் பாசி சில நேரம் நஞ்சு கக்கும். அதனால் மிதந்தால் மாடுகளை இறக்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நஞ்சு உண்டா இல்லையா என்பதை ஆய்வகம்தான் சொல்லும், பாட்டில் சொல்லாது.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா என்றீர்களே, வேண்டாம். பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் ஆக்சிஜன் தீர்ந்து மீன் மிதக்கும்.

கால்வாயைத் திருப்பினால் பலன் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் 1968க்குள் கழிவுநீரைத் திருப்பிவிட, சில ஆண்டுகளில் தண்ணீர் தெளிந்தது. ஆனால் அது 60 மீட்டருக்கு மேல் ஆழம். உங்களுடையது ஆளுயரம்தான், அடிச்சேற்றிலிருந்து பாஸ்பரஸ் பல வருடம் கசியும்.